வேருரிமை

ஆனி 23, ஞாயிறு

நான் தொகுத்த கணிப்பொறிக் கலைச்சொற்கோவையின் ஒரு படியை உறையூர்க் கிளை நூலகத்துக்கு இலவசமாக வழங்குவது என்று இன்று காலை முடிவெடுத்தேன். முடிவெடுக்கும்போது பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு என் துணைவி தையல்நாயகியிடம் அறிவித்தேன். "ஒன்னே ஒன்னா? இருக்கிற எல்லாத்தையும் குடுத்துடுங்க, அலமாரியாவது காலியாகும்" என்றாள். பெரிய முடிவுகள் எடுக்கப்படும் வேளையில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அவற்றின் பெருமை விளங்குவதில்லை.

நூல் வெளிவந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. படிகள் கூடத்து அலமாரியின் கீழ்த்தட்டில் இரண்டு வரிசையாக இருக்கின்றன. முன் வரிசையில் கரப்பான் அரித்திருந்ததால் பின் வரிசையிலிருந்து ஒன்றை உருவினேன். அதன் பின்னால் ஒரு கைக்குட்டைப் பொதி இருந்தது. பிரித்தால், மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய திறன்பேசி. மருமகள் சர்மிளாவுடையது. புதியது வாங்கிய பிறகு இதில்தான் குழந்தைக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுவாள். தைப் பொங்கல் வாக்கில் தொலைந்துவிட்டது என்றாள். இந்த வீட்டில் யாரும் கை வைக்காத இடம் எது என்று அவள் நன்றாக யோசித்திருக்கிறாள். அதில் எனக்குச் சிறிது வருத்தம்.

சர்மிளா சென்ற வியாழனன்று மணப்பாறையிலுள்ள தாய்வீட்டுக்குப் போனாள். மகன் வளவனே ஆட்டோ வரவழைத்து, பெட்டியை ஏற்றி, அவளுடைய புதிய கைப்பேசியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு வழியனுப்பினான். பேத்தி இன்னிலாவுக்கு நான்கு வயது, உறங்கிக்கொண்டிருந்ததால் எழுப்பவில்லை. குழந்தைகளின் உறக்கத்தைக் கெடுக்கக் கூடாது. சர்மிளாவின் இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. மாடி அறைக் கதவு இடித்துவிட்டதாம். அந்தக் கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது என்றுதான் சித்திரையில் வளவன் அதற்கு வெளிப்பக்கமாக ஒரு தாழ்ப்பாள் போட்டான். அந்த அறைக்கு ஒரே சன்னல். அதுவும் திறக்க வராது.

சர்மிளா என்ற பெயரின் முதலெழுத்து அவளது சான்றிதழ்களில் வடவெழுத்தாக இருக்கிறது. நான் அதை எழுதுவதில்லை. மணமாகி வந்த அன்றே சொல்லிவிட்டேன். சரி மாமா என்றாள்.

ஆனி 24, திங்கள்

நூலகர் படியைப் பெற்றுக்கொண்டார். எந்தத் தட்டில் வைப்பீர்கள் என்று கேட்டேன். வைக்கிறோம் ஐயா என்றார்.

பேசிக்கு மின்னூட்டினேன். உயிர் வந்தது.

ஆனி 25, செவ்வாய்

பேசி ஒன்பது புள்ளிகளைக் காட்டி, கோலம் போட்டால்தான் திறப்பேன் என்றது. எனக்குத் தெரியாது. இன்னிலாவை மடியில் உட்கார வைத்துக் காட்டினேன். "அம்மா போன்" என்றவள் விரலை வைத்து ஒரே இழுப்பில் போட்டுவிட்டாள். அது வீடாம். கூரை, சுவர் எல்லாம் உண்டு. வாசல் மட்டும் இல்லை.

திறந்ததும் அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா இதுக்குள்ள வருவாங்களா தாத்தா?"

பேசியில் செல் அட்டை, அதாவது சிம், இல்லை என்பதை அவளுக்குப் புரியும்படி விளக்கினேன். ஒரு கடலை மிட்டாய் கொடுத்தேன். கோலத்தை இன்னொரு முறை போடச் சொல்லி, தாளில் வரைந்துகொண்டேன்.

ஆனி 27, வியாழன்

வளவனிடம் காட்டினேன். அவனுக்குக் கிராப்பட்டியில் தாழ்ப்பாள், குழாய், கீல் விற்கும் கடை இருக்கிறது. அதை வன்பொருள் அங்காடி என்று பெயர்ப்பலகையில் எழுதச் சொன்னவன் நான். வாடிக்கையாளர்கள் கணிப்பொறிக் கடை என்று நினைத்து வந்து திரும்பிப் போகிறார்களாம்.

பேசியைக் கண்டதும் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டான். எங்கே கிடைத்தது என்று மூன்று முறை கேட்டான். சொன்னேன். பிறகு அரைமணி நேரம் குடைந்தான். உள்ளே கணிப்பான் செயலி இரண்டு இருந்தன. ஒன்று கூட்டும், கழிக்கும். மற்றதில் சமக்குறியை அழுத்திப் பிடித்தால் கடவுச்சொல் கேட்கிறது. அது கணிப்பான் வேடமிட்ட பெட்டகம். குழந்தையின் பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தான், திறக்கவில்லை. கல்யாண நாளைப் போட எண்ணி, அது என்றைக்கு என்று அம்மாவிடம் கேட்டான். அதற்கும் திறக்கவில்லை. பெட்டகம் பிடித்திருக்கும் இடத்தின் அளவை அமைப்புகளில் பார்த்தோம். ஒலிப்பதிவும் காணொளியும் இருந்தால்தான் அவ்வளவு ஆகும்.

உடைக்க முடியுமா என்றான். பேசியின் ஆணிவேர் வரை செல்லும் அதிகாரம் கிடைத்தால் எந்தப் பெட்டகத்தின் பின்பக்கத்துக்கும் போகலாம் என்றேன். ஆங்கிலத்தில் அதை ரூட் என்கிறார்கள். தமிழில் அதற்குச் சொல் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மதிய உணவுக்குள் சொல் கிடைத்துவிட்டது: வேருரிமை.

'சொல்லேடு' காலாண்டிதழுக்கு அடுத்த கட்டுரை இதுதான். பழைய திறன்பேசியில் கட்டளை வரிக் கருவிகளைக் கொண்டு வேருரிமை பெறுவது எப்படி. தமிழில் இதுவே முதல் முறை. முதல் முறை என்ற ஒன்றுக்காக எதையும் செய்யலாம்.

ஆனி 28, வெள்ளி

பேசியின் பதிப்பு எண்ணை ஏழு முறை தட்டினால் 'நீங்கள் இப்போது உருவாக்குநர்' என்று அறிவிக்கிறது. பணி ஓய்வுக்குப் பின் எனக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வு.

ஆனி 29, சனி

வளவனின் பழைய மடிக்கணினியில் கருவிகளை இறக்கினேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம் இல்லை, பொத்தான் இல்லை. எழுத்துப் பிழை இல்லாமல் கட்டளை எழுதினால் வேலை நடக்கும். ஓரெழுத்து பிசகினாலும் நடக்காது. மனித சமுதாயமும் இப்படி இருந்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி அமைந்திருக்கும்.

கம்பியால் பேசியை இணைத்து, இணைந்துள்ள கருவிகளைக் காட்டு என்றேன். ஒரு நீண்ட எண்ணைக் காட்டி, அனுமதி இல்லை என்றது. பேசியின் திரையில் ஒரு கேள்வி வந்திருந்தது: இந்தக் கணிப்பொறியை நம்பலாமா? ஆம் என்று தொட்டேன். அதன் பிறகு எல்லாவற்றையும் காட்டியது.

இன்னிலா நேற்றிரவும் சாப்பிடவில்லை. தையல்நாயகி மிளகு ரசம் வைத்தாள்.

ஆனி 30, ஞாயிறு

நாள் முழுதும் ஒரே வரியில் போயிற்று.

வேருரிமை பெறுவதற்கு முன் துவக்கியின் பூட்டைத் திறக்க வேண்டும். துவக்கி என்பது பேசி உயிர்பெறும்போது முதலில் ஓடும் நிரல், பூட்லோடர் என்பார்கள். அந்தப் பூட்டைத் திறக்கும் கட்டளையைக் கொடுத்தால் பேசியின் திரையில் ஓர் எச்சரிக்கை வரும். வழிகாட்டிகள் எல்லாம் அந்த எச்சரிக்கையைப் படம்பிடித்துப் போட்டிருக்கின்றன. திறந்தால் பேசியில் உள்ளது எல்லாம் போய்விடும். பெட்டகம், அதற்குள் இருப்பது, பாட்டு, படம் எதுவும் மிஞ்சாது. திரும்பக் கிடைக்காது. அதாவது, எல்லா அறைகளுக்கும் சாவி தருவார்கள், வீட்டைக் காலி செய்த பிறகு.

இதை எப்படித் தமிழாக்குவது? 'நீக்கிவிடும்' என்றால் வேலை நீக்கம் போல இருக்கிறது. நீக்கியதை வழக்குப் போட்டுத் திரும்பப் பெறலாம் என்ற நினைப்பு வரும். 'அழித்துவிடும்' என்பதில் கரும்பலகை வாடை. 'துடைத்துவிடும்' என்றால் அடுக்களை மேடை. மதியம் படுத்தபடியே யோசித்து, எழுந்ததும் எழுதினேன்:

'எச்சரிக்கை: இதற்கு மேல் சென்றால் இப்பேசியில் உள்ள தனிப்பட்ட தரவு அனைத்தும் மீட்க வழியின்றித் துடைத்தழிக்கப்படும்.'

துடைத்தழித்தல். இரண்டு வினையும் கைகோத்து நிற்கின்றன. கட்டுரை முடிந்தது. என் வழக்கப்படி அடியில் நாளிட்டேன்: ஆனி 30.

இரவு உணவின்போது வளவனுக்குப் படித்துக் காட்டினேன். எச்சரிக்கை வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னான். என் எழுத்தை இரண்டாம் முறை படிக்கச் சொன்னவர்கள் குடும்பத்தில் இருவர்தான். மற்றவள் சர்மிளா. என் கட்டுரைகளுக்கெல்லாம் மெய்ப்புப் பார்ப்பவள் அவள். ஒற்றுப் பிழை அவள் கண்ணுக்குத் தப்பாது.

எது சுலபம், பெட்டகத்தைத் திறப்பதா, இதுவா என்று வளவன் கேட்டான். இது ஒரே வரிக் கட்டளை என்றேன்.

ஆனி 31, திங்கள்

சர்மிளா அவள் அப்பாவின் எண்ணிலிருந்து என்னை அழைத்தாள். குழந்தை சாப்பிட்டதா என்றாள். சாப்பிட்டது என்றேன்.

"மாமா, உங்க புத்தக அலமாரிய யாராச்சும் தொட்டாங்களா?"

நூலகத்துக்கு ஒரு படி வழங்கியதைச் சொன்னேன். பாராட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"முன் வரிசையா, பின் வரிசையா?"

பின் வரிசை என்றேன். அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு மெதுவாக, மெய்ப்பில் பிழை காட்டும்போது பேசுவாளே அந்தக் குரலில் பேசினாள்.

"மாமா, அத மட்டும் எங்கிட்ட குடுத்துடுங்க. நகை கேக்கல, சீர் கேக்கல, ஒன்னும் கேக்கல. அதுல இருக்கிறத காட்டினாத்தான் பாப்பாவ எங்கூட அனுப்புவாங்க. எங்க வீட்டுலயே என்ன நம்ப மாட்டேங்கறாங்க மாமா."

பழைய பேசிதானே அம்மா, பழுது பார்த்துத் தருகிறேன் என்றேன்.

"அது பழுதெல்லாம் இல்ல. ஒன்னும் பண்ணாதீங்க. அப்படியே வச்சிருங்க, நான் யாரையாவது அனுப்பறேன்." பிறகு, "உங்களுக்குத் தெரியாததா மாமா? மாடியில கேக்கறது கூடத்துக்குக் கேக்கும்ல" என்றாள்.

நான் வேலையில் இருக்கும்போது எனக்கு ஒலிகள் கேட்பதில்லை என்பதை நினைவூட்டினேன். கலைச்சொற்கோவையின் தகர வரிசைச் சொற்களைத் திருத்திய மாதங்களில் இடி விழுந்ததுகூடத் தெரியாது. அவள் வைத்துவிட்டாள். கடைசி வரை மரியாதையாகத்தான் பேசினாள்.

அவள் சொன்னதை வளவனிடம் தெரிவித்தேன். இந்த வீட்டில் ஒளிவு மறைவு கிடையாது.

ஆடி 1, புதன்

வழக்கறிஞர் துரைக்கண்ணு காப்பிக்கு வந்தார். வளவனின் கடைக்கு எதிர்க் கட்டடத்தில் அலுவலகம். தமிழ் ஆர்வலர் என்று எனக்கு இதுவரை தெரியாது; என் கட்டுரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எப்போது தொடங்கினீர்கள் ஐயா என்றார். ஆனி மாதமே என்றேன். நோட்டீசு ஏதும் வருவதற்கு முன்பே என்று தமக்குத்தாமே சொல்லி மகிழ்ந்தார்.

இந்த மாதிரி ஆராய்ச்சியில் உள்ளே இருப்பது தவறிப்போவது வழக்கம்தானா என்று கேட்டார். வழக்கம்தான், தவிர்க்க இயலாது என்றேன். ஒருவர் வேண்டுமென்று சுத்தியலால் உடைத்தால் அது வேறு, அறுபத்தெட்டு வயதுப் புலவர் ஒருவரின் கல்வி முயற்சியில் தற்செயலாகப் போனால் அது வேறு என்று வளவனிடம் விளக்கினார். கல்வி முயற்சி நடுவில் நின்றுவிடக் கூடாது என்றும் சொன்னார். இப்படி ஊக்குவிப்பவர்கள் இக்காலத்தில் அரிது.

கிளம்பும்போது, நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார்.

நாளைக்கே முடித்துவிடலாம் என்றான் வளவன். தையல்நாயகி மறுத்துவிட்டாள். ஆடியில் புது வேலை தொடங்கக் கூடாது. இது ஆனியில் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி என்று எடுத்துச் சொன்னேன். அப்படியானால் வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் செய்யலாம் என்று நாட்காட்டியைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு இவற்றில் நம்பிக்கை இல்லை. ஆனால் பெண்களின் கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கொள்கை.

ஆடி 3, வெள்ளி

குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஒன்பதே காலுக்கு மடிக்கணினி முன் அமர்ந்தேன். தையல்நாயகி விளக்கேற்றினாள். வளவன் கடைக்குப் போகவில்லை.

நேற்றிரவு படுத்திருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. பூட்டைத் திறக்கும் முன் உள்ளிருப்பதை அப்படியே கணிப்பொறியில் ஒரு படி எடுத்து வைக்கலாம். பெட்டகம் திறக்காவிட்டாலும் பெட்டகமாகவே வந்து சேரும். எல்லா வழிகாட்டிகளும் இதைத்தான் முதல் வேலையாகச் சொல்கின்றன. இன்று அதைச் சொன்னேன். வளவன் அம்மாவைப் பார்த்தான். எவ்வளவு நேரம் ஆகும் என்றாள் தையல்நாயகி. பழைய பேசி, மெதுவான கம்பி, ஒன்றரை மணி நேரம் ஆகலாம் என்றேன். "பத்தரைக்கு ராகு காலம் வந்துருங்க. படி எடுத்துட்டு ராகு காலத்துலயா பூட்டத் திறப்பீங்க?" என்றாள்.

படி எடுக்கவில்லை.

பேசியை அணைத்து, துவக்கி முறையில் எழுப்பி, கட்டளையை அடித்தேன். எழுத்துப் பிழை இல்லை. பேசியின் திரையில் எச்சரிக்கை வந்தது. நான் படத்தில் பார்த்த அதே வரிகள். நேரில் பார்க்கும்போது ஒரு நிறைவு. என் தமிழாக்கத்தோடு ஒப்பிட்டேன். ஒரு சொல்கூட விடுபடவில்லை.

ஒலி கூட்டும் பொத்தானால் 'ஆம்' என்பதைத் தேர்ந்து, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த நேரம் பார்த்து இன்னிலா ஓடி வந்து, "நான் வீடு போடறேன் தாத்தா" என்றாள். இப்போது வீடு போட வேண்டாம் என்றேன். வளவன் அவளைத் தூக்கிக்கொண்டான். அழுத்தினேன்.

ஐந்து நிமிடம் கழித்துப் பேசி எழுந்து, வணக்கம், உங்கள் மொழியைத் தேர்ந்தெடுங்கள் என்றது. தமிழைத் தேர்ந்தெடுத்தேன்.

தையல்நாயகி சர்க்கரைப் பொங்கல் செய்திருந்தாள்.

ஆடி 4, சனி

வேருரிமை கிடைத்துவிட்டது.

கட்டளை வரியில் சாதாரணப் பயனருக்கு டாலர் குறி காட்டும். வேருரிமை பெற்றவருக்கு அது வேலிக்குறியாக (#) மாறும். முற்பகல் பதினொன்றுக்கு மாறியது. நான் யார் என்று கேட்கும் கட்டளை ஒன்று உண்டு. கேட்டேன். வேர் என்று ஒரே சொல்லில் விடை வந்தது. இந்தக் கேள்விக்கு அறுபத்தெட்டு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த தெளிவான விடை.

எந்தக் கோப்பையும் திறக்கலாம், எந்தக் கதவும் எனக்குத் தடையில்லை. ஒவ்வொரு கோப்புறையாகப் போய்ப் பார்த்தேன். எல்லாம் காலி.

ஆடி 6, திங்கள்

சர்மிளாவின் வழக்கறிஞரிடமிருந்து பதிவுத் தபால். பேசியை உள்ளது உள்ளபடி காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டுமாம். உள்ளது உள்ளபடி என்பது நல்ல தொடர். அஞ்சல்காரரிடம் கையெழுத்திட்டு வாங்கினேன்.

நேற்று ஞாயிறு. வளவன் மாடி அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினான். துளைகளை மக்கு வைத்து அடைத்துத் தேய்த்து, அதே நிறத்தில் வண்ணம் பூசினான். கடைக்காரன் வேலை, கண்டுபிடிக்க முடியாது. காற்று குறைந்துவிட்டது போலும்.

ஆடி 14, செவ்வாய்

காவல் நிலையத்தில் விசாரணை. ஆய்வாளர் ஓர் அம்மையார், பொறுமையானவர். ஒரு பக்கம் நாங்கள், மறுபக்கம் சர்மிளா, அவள் அப்பா, அண்ணன். அவர்கள் இருவரும் வரும்போதே, சமாதானமாகப் போக முடிந்தால் நல்லது என்ற முகத்துடன் வந்திருந்தார்கள். வீட்டில் இன்னொரு பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்களாம்.

சர்மிளா ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். பொங்கலுக்குப் பிறகு என்னென்ன, எந்தெந்த நாளில் என்று. எல்லாம் பேசியில் பதிவாகியிருக்கிறது என்றாள். பேசியை மேசையில் வைத்தேன். காவலர் ஒருவர் எடுத்துப் பார்த்தார். கணிப்பான் ஒன்றுதான் இருந்தது. கூட்டியது, கழித்தது.

சர்மிளா பேசியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். "ஐயா, பெரியவங்க நீங்க. இப்படிப் பண்ணா எல்லாம் அழிஞ்சிடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அதெல்லாம் ஆங்கிலத்தில் வருகிறது அம்மா. நான் தமிழ்ப் புலவன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். காவலர்கூட. சர்மிளாவின் அண்ணன்கூட. சர்மிளா சிரிக்கவில்லை, நகைச்சுவை அவளுக்கு எப்போதுமே சிறிது தாமதமாகத்தான் எட்டும். மணிக்கட்டு வீக்கம் வடிந்திருந்தது. அதைக் காட்டச் சொன்னபோது காட்ட ஒன்றும் இல்லை.

மாடி அறையில் பூட்டி வைத்ததாகச் சர்மிளா சொன்னதால் ஒரு காவலர் வீட்டுக்கு வந்து கதவைப் பார்த்தார். தாழ்ப்பாள் இல்லை என்று எழுதிக்கொண்டார். தையல்நாயகி மோர் கொடுத்தாள்.

ஆடி 18, சனி

பதினெட்டாம் பெருக்கு. குழந்தையை அழைத்துக்கொண்டு அம்மா மண்டபம் போய் வந்தோம். காவிரியில் நல்ல வரவு. அம்மா மண்டபத்தில் அம்மா இருப்பாங்களா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். திரும்பும்போது கேட்கவில்லை.

ஆவணி 3, திங்கள்

புகாருக்கு ஆதாரம் இல்லை என்று மனுவை முடித்து வைத்துவிட்டார்கள். குழந்தை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், தாய் வந்து சேர்ந்து வாழ்வதே எல்லோருக்கும் நல்லது என்று அறிவுரை. துரைக்கண்ணு இனிப்புப் பெட்டியோடு வந்தார். 'சொல்லேடு' ஆசிரியர் கட்டுரையை ஏற்றுக் கடிதம் எழுதியிருக்கிறார். ஒரே நாளில் இரண்டு நற்செய்தி.

ஆவணி 10, திங்கள்

சர்மிளா வந்துவிட்டாள். அப்பாவும் அண்ணனும் கொண்டுவந்து விட்டார்கள். வாசலில் நிற்கும்போதே பேருந்துக்கு நேரமாகிறது என்றார்கள். அவள் அப்பா வளவனின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, பாத்துக்குங்க" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

இன்னிலா அவள் இடுப்பை விட்டு இறங்கவேயில்லை. குளிக்கப் போனபோது கதவுக்கு வெளியே உட்கார்ந்து, "அம்மா, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இருக்கேன் பாப்பா, இருக்கேன் என்று உள்ளிருந்து குரல் வந்தபடி இருந்தது.

மாலைக் காப்பி திட்டமாக இருந்தது. தையல்நாயகி வைப்பது எப்போதும் தண்ணீர்.

ஆவணி 13, வியாழன்

கட்டுரையின் மெய்ப்பு தபாலில் வந்தது. அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்தி அனுப்ப வேண்டும். வழக்கம்போல் சர்மிளாவிடம் கொடுத்தேன். இந்த ஒன்றரை மாதத்தில் நான் உண்மையில் இழந்திருந்தது இதைத்தான் என்று அவளிடமே சொன்னேன்.

கூடத்துத் தரையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு படித்தாள். முதல் பக்கத்தில் இரண்டு ஒற்றுப் பிழை. இரண்டாம் பக்கத்தில் எச்சரிக்கை வரி. அங்கே பேனா நின்றது. தவறு ஏதும் உண்டோ என்று எட்டிப் பார்த்தேன்.

"இந்த வரி ரொம்ப நல்லா வந்திருக்கு மாமா" என்றாள்.

துடைத்தழித்தல் என்ற சொல்லுக்காக ஒரு ஞாயிறு முழுதும் உழைத்ததைச் சொன்னேன். அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

"கீழ ஆனி முப்பதுன்னு தேதி போட்டிருக்கீங்களே, அப்படியே இருக்கட்டுமா?"

என் வழக்கம் உனக்குத் தெரியுமே, இருக்கட்டும் என்றேன். தலையசைத்தாள். தேதிக்கு முந்தைய வரியின் இறுதியில் முற்றுப்புள்ளி விடுபட்டிருந்தது, வைத்தாள். பிறகு, மெய்ப்பில் ஒரு படி தனக்கு வேண்டும் என்றாள். ஆசிரியர் எப்போதும் இரண்டு படி அனுப்புவார். ஒன்றைக் கொடுத்தேன். நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

என் எழுத்தைப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டது இதுவே முதல் முறை. இரவு சாப்பிடும்போது எல்லோர் முன்னிலையிலும் இதைச் சொல்லி அவளைப் பாராட்டினேன். எச்சரிக்கை வரியை அவள் தனியாகக் குறிப்பிட்டதையும், அடியிலிட்ட ஆனி 30 என்ற தேதியை எடுக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்ததையும் சொன்னேன். சர்மிளா பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டி கையிலேயே நின்றது. வளவன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"மாடிக்கு வா" என்றான்.

இன்னிலாவைத் தையல்நாயகி தூக்கிக்கொண்டாள். நான் ஆசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். வேலையில் இருந்ததால் வேறு எதுவும் காதில் விழவில்லை.

ஆவணி 14, வெள்ளி

துரைக்கண்ணு காலையிலேயே வந்தார். கட்டுரைக்கு அடியில் நாளிடுவது பழைய பாணி, இப்போது யாரும் செய்வதில்லை என்றார். யோசித்துப் பார்த்ததில் சரியென்று பட்டது. மெய்ப்பில் ஆனி 30 என்பதை அடித்துவிட்டு, பிற்பகல் தபாலில் சேர்த்தேன். சர்மிளாவிடம் கொடுத்த படியை வளவன் அடுப்பில் போட்டுவிட்டான்.

ஆவணி 15, சனி

வளவன் கடையிலிருந்து தாழ்ப்பாள் கொண்டுவந்து மாடி அறைக் கதவில் போட்டான். மக்கைக் குத்தி எடுத்ததும் பழைய துளைகளே பொருந்தின.